சிங்கப்பூரின் பழைய படைவீடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டிஷ் ராணுவம் சிங்கப்பூரில் விட்டுச்சென்ற படைவீடுகளில் இன்று உணவகங்களும் ஓவியக் காட்சிக்கூடங்களும் தங்கும் விடுதிகளும் நடக்கின்றன. சிலவற்றில் இன்றும் படைவீரர்களே இருக்கிறார்கள். ஊரிலிருந்து வரும் உறவினர்களையும் நண்பர்களையும் இந்த இடங்களுக்கு அழைத்துச் செல்லும்போதெல்லாம் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை, என்னால் இயன்ற அளவு முழுமையான பதில்களோடு இங்கே தொகுத்திருக்கிறேன்.

படைவீடு என்றால் கோட்டைதானே?

இல்லை. கோட்டை போருக்கானது, படைவீடு போரில்லாத நாள்களுக்கானது. படைவீரர் உறங்குவது, உண்பது, துணி துவைப்பது, அணிவகுத்து நிற்பது, நோயுற்றால் படுப்பது எல்லாம் படைவீட்டில்தான். ஆங்கிலேயர் பாரக்ஸ் என்று சொன்னது இதைத்தான். பாசறை என்ற பழஞ்சொல் நம்மிடம் உண்டு. ஆனால் சங்கப் பாடல்களில் வரும் பாசறை, வேந்தன் போர்மேற் சென்ற இடத்தில் அமைத்துக்கொள்ளும் தற்காலிகத் தங்குமிடம். வினை முடிந்ததும் அது கலைந்துவிடும். படைவீடு என்றதும் நமக்கு முருகன் நினைவுக்கு வருவது இயல்பே என்றாலும், படை தங்கும் இடம் என்ற நேர்ப்பொருள் அந்தச் சொல்லுக்கு இருப்பதால் இங்கே அதையே பயன்படுத்துகிறேன். பேச்சில் எல்லாரும் முகாம் அல்லது கேம்ப் என்றுதான் சொல்கிறார்கள்.

சிங்கப்பூரின் முதல் படைவீட்டில் தங்கியவர்கள் யார்?

இந்தியச் சிப்பாய்கள். 1819 ஜனவரியில் கம்பெனி அதிகாரிகளான ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸும் வில்லியம் ஃபார்க்குவாரும் இங்கே கரையிறங்கியபோது அவர்களோடு வந்த படை கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளக் காலாட்படையைச் சேர்ந்தது. பின்னர் காவல் பொறுப்பு சென்னைக் காலாட்படைக்கு மாறியது. அந்தப் படையில் தமிழ், தெலுங்கு பேசும் பகுதிகளிலிருந்து சேர்ந்தவர்கள் நிறைய இருந்தார்கள். 1867 ஏப்ரல் 1 அன்று, சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிக்கப்பட்டு லண்டனிலிருந்த குடியேற்ற நாடுகள் அலுவலகத்தின் கீழ் வரும்வரை, இந்தத் தீவின் அன்றாடக் காவலில் பெரும்பங்கு இவர்களுடையதே.

இவர்கள் தங்கிய இடத்துக்குச் சிப்பாய் லைன்ஸ் என்று பெயர். இன்றைய ஊட்ரம் வட்டாரம்தான் அது. 'லைன்' என்பது வரிசை. கம்பெனிப் படையில் வெள்ளையருக்குச் செங்கல் கட்டடம் எழுப்பப்பட்டது. சிப்பாய்க்கு ஒரு சிறு படித்தொகை கொடுத்துவிட்டால் அவரே குடிசை போட்டுக்கொள்வது வழக்கம். அந்தக் குடிசைகள் வரிசை வரிசையாக நின்றதால் 'லைன்ஸ்' என்ற பெயர் வந்தது. மலேயாவிலும் இலங்கையிலும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பை லயம், லயன் என்று நம்மவர்கள் சொல்வதும் இதே சொல்தான். சென்னைப் படையின் சிப்பாய்கள் மனைவி மக்களோடு தங்குவதும் வழக்கமாக இருந்ததால், சிப்பாய் லைன்ஸ் வெறும் ஆண்கள் முகாமாக அல்லாமல் ஒரு சிறு ஊராகவே இருந்திருக்கும்.

அந்தக் குடிசைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1882இல் பொது மருத்துவமனை அந்த இடத்துக்கு வந்தது. இன்றைய சிங்கப்பூர் பொது மருத்துவமனை வளாகம் அதன் தொடர்ச்சி. பழைய படைவீடுகளின் மறுபயன்பாடு பற்றிய எந்தப் பேச்சிலும் இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று நான் நினைக்கிறேன். இடிந்து போகாமல் நின்றது எதுவோ அதைத்தான் மறுபடி பயன்படுத்த முடியும்; செங்கல்லும் கான்கிரீட்டும் கொண்டு கட்டப்பட்டவை பெரும்பாலும் ஐரோப்பியப் படைவீரர்களுக்கானவை.

ஃபோர்ட் கேனிங் குன்றில் இருந்த கோட்டை என்ன ஆயிற்று?

இந்தியாவின் தலைமை ஆளுநராகவும் முதல் வைஸ்ராயாகவும் இருந்த கேனிங் பிரபுவின் பெயரால், 1859இல் கட்டத் தொடங்கி 1861இல் முடிக்கப்பட்ட கோட்டை அது. குன்றின் மேலிருந்து கடலில் உள்ள கப்பலைச் சுட வேண்டுமென்றால் குண்டு நகரத்தின் தலைக்கு மேலே போக வேண்டும் என்ற குறை அந்தக் காலத்திலேயே பேசப்பட்டது. 1907இல் கோட்டையின் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. வாயில் மட்டும் கனத்த மரக்கதவோடு இன்றும் நிற்கிறது.

குன்றை ராணுவம் விட்டுவிடவில்லை. 1926இல் அங்கே எழுந்த பெரிய படைவீட்டுக் கட்டடம்தான் இன்றைய ஃபோர்ட் கேனிங் சென்டர். அதன் வாழ்க்கை வரலாற்றைப் பார்த்தால் மறுபயன்பாடு என்பது ஒரே தடவை நடந்து முடியும் காரியம் அல்ல என்பது புரியும். பிரிட்டிஷார் போனபின் சிங்கப்பூர் ஆயுதப் படையின் அதிகாரிகள் பயிலும் கல்லூரி அங்கே இருந்தது. அதற்குப் பின் நாடகக் குழுவும் நடனக் குழுவும் ஒத்திகை பார்த்தன. 2015இல் பாரிஸைச் சேர்ந்த தனியார் ஓவிய அருங்காட்சியகம் ஒன்று பெரும் எதிர்பார்ப்போடு திறந்து அடுத்த ஆண்டே மூடியது. 2019இல் ராஃபிள்ஸ் வருகையின் 200ஆம் ஆண்டையொட்டிய கண்காட்சி நடந்தது. அருகில் அதே 1926ஆம் ஆண்டைச் சேர்ந்த இன்னொரு ராணுவக் கட்டடம் இப்போது ஹோட்டலாக இருக்கிறது. சுமார் 9 மீட்டர் ஆழத்தில் இருக்கும் பேட்டில் பாக்ஸ் என்ற நிலவறையில்தான், 1942 பிப்ரவரி 15 காலையில், பிரிட்டிஷ் படைகளின் தலைவர் லெப்டினன்ட் ஜெனரல் பெர்சிவல் தம் தளபதிகளோடு கூடி ஜப்பானியரிடம் சரணடைவதென்று முடிவெடுத்தார். 1997இல் அது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

டங்லின் படைவீடு ஏன் நகருக்கு வெளியே அமைந்தது?

1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஐரோப்பியப் படைகளை எங்கே, எப்படித் தங்கவைப்பது என்பது பிரிட்டிஷாருக்குப் பெருங்கவலை ஆயிற்று. இந்தியாவில் போரில் மடிந்தவர்களைவிடக் காலராவிலும் காய்ச்சலிலும் மடிந்தவர்கள் அதிகம் என்பதால், 1859இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம் ஒன்று படைவீடுகளின் காற்றோட்டம், குடிநீர், கழிவுநீர் எல்லாவற்றையும் ஆராய்ந்தது. நெரிசலான கடைத்தெருவிலிருந்தும் சாராயக் கடைகளிலிருந்தும் விலகி, மேட்டு நிலத்தில், காற்று வரும் திசை பார்த்துக் கட்ட வேண்டும் என்பது அந்தக் காலத்தின் பொதுப் பாடம். டங்லினில் ஜாதிக்காய்த் தோட்டம் இருந்த குன்று இதற்குப் பொருந்தியது. 1860களில் அங்கே எழுந்த முதற்கட்டடங்கள் அத்தாப்பு ஓலைக் கூரை கொண்டவை. இப்போது நாம் பார்ப்பவற்றில் பல பிற்காலத்தில் மாற்றிக் கட்டப்பட்டவை.

எல்லாப் படைவீடுகளும் ஒரே மாதிரி இருக்கின்றனவே, ஏன்?

ராணுவப் பொறியாளர்களிடம் ஏறத்தாழ ஒரே அச்சு இருந்தது. இன்று கலை வளாகமாக இருக்கும் கில்மன் முகாமின் ஒரு பிளாக்கின் முன்னால் நின்று நிதானமாகப் பார்த்தால் அதைப் படித்துவிடலாம். நீளவாக்கில் ஓடும் கட்டடம். இரு பக்கமும் தாழ்வாரம். அறைகளுக்குள் வெயில் நேராக விழாதபடி வெளியே நீண்டு தாழ்ந்த ஓட்டுக் கூரை. உள்ளே தடுப்புச் சுவரில்லாத ஒரே நீண்ட கூடம்: கட்டில்களை இரு வரிசையாகப் போட்டு, மேலதிகாரி ஒரு முனையில் நின்றால் மறுமுனை வரைக்கும் ஒவ்வொரு கட்டிலின் விரிப்பும் தெரிய வேண்டும் என்பதற்காகவே அமைக்கப்பட்டது. எதிரெதிராக வாசல்கள் இருப்பதால் ஒரு பக்கம் நுழையும் காற்று மறுபக்கம் வெளியேறும். சுவரில் பெரிதாக எழுதிய பிளாக் எண். முன்னால் சமதளமாக ஒரு திடல். அன்று அணிவகுப்புக்கு, இன்று கார் நிறுத்த.

இந்த அமைப்பே மறுபயன்பாட்டை எளிதாக்குகிறது. தூணில்லாத கூடத்தில் ஓவியம் மாட்டலாம், நாற்பது மேசை போடலாம், நடனம் ஆடலாம். இதே வசதியின் மறுபக்கம், குளிர்சாதனத்துக்காக அந்தக் கூடத்தைக் கண்ணாடியால் அடைத்துவிட்டால், காற்றோட்டத்துக்காகவே பிறந்த கட்டடம் மூச்சு முட்டி நிற்பதுதான். தாழ்வாரத்தைத் திறந்தபடி விட்டு, அங்கேயும் நாற்காலி போட்டிருக்கும் கடைக்காரர்களை நான் மனதார மதிக்கிறேன்.

1915 சிப்பாய்க் கலகம் இந்தப் படைவீடுகளில்தான் நடந்ததா? அதில் தமிழர் உண்டா?

1915 பிப்ரவரி 15 அன்று, சீனப் புத்தாண்டு விடுமுறை நாளில், அலெக்சாண்ட்ரா படைவீட்டில் 5ஆம் இலகு காலாட்படையின் ஒரு பகுதியினர் கிளர்ந்தெழுந்தனர். அவர்கள் வட இந்திய முஸ்லிம்கள், தமிழர் அல்லர். மறுநாள் அவர்கள் ஹாங்காங்குக்குக் கப்பலேற வேண்டியிருந்தது. உண்மையில் துருக்கிக்கு எதிராகப் போரிடத்தான் அனுப்பப்படுகிறோம் என்ற வதந்தி அவர்களிடையே பரவியிருந்தது. ஒரு பிரிவினர் டங்லினுக்குச் சென்று அங்கே அடைக்கப்பட்டிருந்த ஜெர்மானியக் கைதிகளை விடுவித்தனர். கைதிகளில் பெரும்பாலோர் கலகத்தில் சேர மறுத்துவிட்டார்கள். எம்டன் கப்பலைச் சேர்ந்த லாட்டர்பாக் உள்ளிட்ட சிலர் இதுதான் சமயம் என்று தப்பிச் சென்றார்கள். சென்னை மீது குண்டு வீசிய அதே எம்டன்தான்.

கலகம் அடக்கப்பட்டபின் 40க்கும் மேற்பட்ட சிப்பாய்கள் ஊட்ரம் சிறைச்சாலைச் சுவரருகே பொதுமக்கள் பார்க்கச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சென்னைச் சிப்பாய்கள் முன்பு குடிசை போட்டிருந்த சிப்பாய் லைன்ஸும் அதே வட்டாரம்தான்.

கில்மன், செலாராங் போன்றவை 1930களில் ஒரே நேரத்தில் எழுந்தது ஏன்?

ஜப்பானை எண்ணித்தான். செம்பவாங்கில் பெருங்கடற்படைத் தளம் அமைக்க முதலாம் உலகப் போருக்குப் பின் முடிவாயிற்று. 1938இல் அது திறக்கப்பட்டது. தளத்தைக் காக்கப் பீரங்கிகளும், பீரங்கிகளை இயக்க ஆட்களும், ஆட்கள் தங்கப் படைவீடுகளும் தேவைப்பட்டன. பாதுகாப்பு ஏற்பாடுகளை ஆராய 1927இல் இங்கு வந்த ஜெனரல் வெப் கில்மன் பெயரைத்தான் 1936இல் அலெக்சாண்ட்ரா சாலையருகே எழுந்த முகாம் தாங்கியிருக்கிறது. சாங்கியில் பீரங்கிப் படைக்கு ராபர்ட்ஸ், பொறியாளர்களுக்குக் கிச்சனர், காலாட்படைக்குச் செலாராங் என்று ஒரு ராணுவ நகரமே உருவாயிற்று.

போர்க்காலத்தில் அங்கே என்ன நடந்தது?

கட்டியவர்களே அவற்றில் கைதிகளானார்கள். 1942 ஆகஸ்ட் இறுதியில், தப்பிச் செல்ல மாட்டோம் என்று உறுதிமொழியில் கையொப்பமிடுமாறு பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகளுக்கு ஜப்பானியர் ஆணையிட்டனர். அவர்கள் மறுத்தபோது, ஆயிரம் பேருக்கும் குறைவாகத் தங்கக் கட்டிய செலாராங் படைவீட்டுக்குள் 15,000க்கும் மேற்பட்டவர்களை அடைத்தார்கள். தாழ்வாரங்கள், மாடிப்படிகள், மொட்டைமாடிகள், திடல் எங்கும் மனிதர்கள். அணிவகுப்புத் திடலின் தாரைப் பெயர்த்துக் கழிப்பறைக் குழி தோண்டினார்கள். செப்டம்பர் 2 அன்று, தப்ப முயன்ற நால்வர் கடற்கரையில் சுட்டுக் கொல்லப்பட்டனர். நோய் பரவும் அபாயம் முற்றியபின், கட்டாயத்தின் பேரில் கையொப்பமிடுவதாகச் சொல்லி அவர்கள் இணங்கினார்கள்.

அதே சாங்கியில், ராபர்ட்ஸ் படைவீட்டின் 151ஆம் பிளாக் மருத்துவமனையாக இருந்தது. அங்கே கடும் வயிற்றுக்கடுப்போடு கிடத்தப்பட்டிருந்த பீரங்கிப் படைவீரர் ஸ்டான்லி வாரன், சிற்றாலயம் போலப் பயன்பட்ட அறையின் சுவரில் விவிலியத்தோடு தொடர்புடைய ஐந்து காட்சிகளைத் தீட்டினார். வண்ணம் எங்கிருந்து வரும்? போர்த்தளவாடங்களுக்குப் பூசும் பழுப்புச் சாயம் கிடைத்தது. கொஞ்சம் வெள்ளை கிடைத்தது. நீலத்துக்குப் பில்லியர்ட்ஸ் ஆட்டக்கோலின் நுனியில் தேய்க்கும் சாக்குக்கட்டியைப் பொடித்துக் கரைத்தார்கள். சிறிது நேரம் தீட்டுவதும் நெடுநேரம் படுத்துக்கிடப்பதுமாக அவர் அதைச் செய்தார். பின்னர் சுவருக்குச் சுண்ணம் அடிக்கப்பட்டு ஓவியங்கள் மறைந்தன. 1958இல் அவை மீண்டும் வெளிப்பட்டபோது வாரன் உயிரோடிருந்தார். லண்டனில் ஆசிரியராக இருந்தார். 1960களிலும் 1980களிலும் மும்முறை இங்கு வந்து தம் கையாலேயே அவற்றைச் செப்பனிட்டார். அந்தக் கட்டடம் இன்றும் ராணுவ எல்லைக்குள் இருப்பதால் நினைத்தபோது சென்று பார்க்க முடியாது.

இந்திய வீரர்களின் கதை வேறு. சரணடைந்த இந்தியப் படையினரில் பலர் நீ சூன் முகாமில் வைக்கப்பட்டார்கள். அவர்களிலிருந்துதான் இந்திய தேசிய ராணுவம் முதலில் திரண்டது. 1943இல் நேதாஜி வந்தபின் மலேயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள் அதில் பெருமளவில் சேர்ந்தார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள் துப்பாக்கி பிடித்த இந்த முகாம்களில் அதைச் சொல்லும் அடையாளம் இன்னும் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

பிரிட்டிஷார் போனபின் இவ்வளவு கட்டடங்களையும் என்ன செய்தார்கள்?

படைகளை விலக்கிக்கொள்வதை 1971க்குள் முடிக்கப்போவதாக 1968 ஜனவரியில் பிரிட்டன் அறிவித்தது. அப்போது சிங்கப்பூர்ப் பொருளியலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்தத் தளங்களை நம்பியிருந்தது; வேலையிழக்க இருந்தவர்கள் பல்லாயிரம் பேர். ஆகவே மறுபயன்பாடு என்பது அன்று அழகியல் பற்றிய கேள்வியாக இருக்கவில்லை. அடுத்த மாதச் சம்பளம் பற்றிய கேள்வியாக இருந்தது. செம்பவாங்கின் கப்பல் பட்டறை ஒரே ஒரு டாலர் என்ற பெயரளவு விலைக்குக் கைமாறி வணிகக் கப்பல் பட்டறை ஆனது. செலெத்தார் விமானத் தளம் விமானத் தொழில்களுக்குப் போயிற்று. இளையர்களுக்குக் கட்டாய ராணுவப் பயிற்சி தரப் புதிதாகத் தொடங்கிய தேசிய சேவைக்கு இடம் வேண்டியிருந்ததால் படைவீடுகளில் பலவற்றைச் சிங்கப்பூர் ஆயுதப் படை ஏற்றுக்கொண்டது.

செம்பவாங் தளத்தில் தமிழரும் மலையாளிகளும் பெருந்தொகையாக வேலை செய்தனர். அங்கே ஒரு மரத்தடியில் வழிபாடாகத் தொடங்கியதுதான் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம். இப்போது ஈசூனில் இருக்கும் அந்தக் கோயிலில் பங்குனி உத்திரத்தன்று காவடி எடுப்பவர்களில், தாத்தா கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு.

டெம்ப்சி ஹில் எப்படி உணவகங்களின் இடமாயிற்று?

டங்லின் படைவீட்டின் இன்றைய பெயர்தான் டெம்ப்சி. 1972 முதல் 1989 வரை தற்காப்பு அமைச்சு அங்கே இயங்கியது. தேசிய சேவைக்கு இளையர்களைப் பதிந்துகொள்ளும் நிலையமும் அங்கேயே இருந்ததால், இன்று அறுபதை நெருங்கும் சிங்கப்பூர் ஆண்களுக்கு டெம்ப்சி என்றால் மருத்துவப் பரிசோதனைக்கு வரிசையில் நின்ற நாள்தான். அமைச்சு இடம் மாறியபின் கட்டடங்கள் வாடகைக்கு விடப்பட்டன. முதலில் வந்தவை மரச்சாமான் கடைகளும் பழம்பொருள் கடைகளும். பெரிய கூடமும் குறைந்த வாடகையும் அவர்களுக்குப் பொருந்தின. 2000களின் நடுவில் உணவகங்கள் பெருகி டெம்ப்சி ஹில் என்ற பெயர் நிலைத்தது.

போகிறவர்கள் செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தைத் தவறவிட வேண்டாம். 1910களில் படைவீரர்களுக்காகச் செங்கல்லால் கட்டப்பட்டது. 1978இல் தேசிய நினைவுச்சின்னம் ஆனது. போர் நெருங்கியபோது அதன் வண்ணக் கண்ணாடிகளைக் கழற்றி ஒளித்துவைத்த பாதிரியார் போரில் இறந்துபோனார். ஒளித்த இடம் அவரோடு போயிற்று. கண்ணாடிகள் இன்றுவரை கிடைக்கவில்லை. இப்போதிருப்பவை பிற்காலத்தில் பொருத்தியவை.

கில்மன் கலை வளாகம் வெற்றியா, தோல்வியா?

1971க்குப் பிறகு சிங்கப்பூர்ப் படையின் பொறியாளர் பயிற்சிப் பள்ளி அங்கே இருந்தது. அதன்பின் உணவகங்களோடு கில்மன் வில்லேஜ் என்று அறியப்பட்டது. 2012 செப்டம்பரில் 13 காட்சிக்கூடங்களோடு தற்காலக் கலை வளாகமாகத் திறக்கப்பட்டது. பொருளியல் வளர்ச்சிக் கழகம், அரசின் தொழிற்பேட்டைகளை நிர்வகிக்கும் ஜேடிசி, தேசியக் கலைகள் மன்றம் மூன்றும் சேர்ந்து செய்த முயற்சி. 2015இல் முதல் வாடகைக் காலம் முடிந்தபோது சில காட்சிக்கூடங்கள் வெளியேறின. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தற்காலக் கலை மையம் 2021இல் அங்கிருந்த கண்காட்சி அரங்கை மூடியது.

இதைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எதிர்பார்ப்பில் பிழை இருந்தது. நகரத்திலிருந்து விலகி இருக்க வேண்டும் என்று திட்டமிட்டே கட்டிய இடத்தில் வழிப்போக்கர் கூட்டம் வராது. லாப்ரடோர் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து வெயிலில் நடந்து மேடேறி வருபவர் கலையைத் தேடி வருபவராகத்தான் இருப்பார். அவரை நம்பி ஒரு கூடம் நிலைக்கச் சில ஆண்டுகள் போதாது; மூன்றாண்டுக்கொருமுறை வாடகை கேள்விக்குள்ளாகும் இடத்தில் சுவருக்கு நல்ல வண்ணம் அடிக்கக்கூட யோசிப்பார்கள். அரசு நிலத்தை விற்காமல் கையில் வைத்திருப்பதன் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் மரபுக் கட்டடங்களுக்கு மட்டுமாவது நீண்ட குத்தகை தர வேண்டும்; கூரையையும் வடிகாலையும் பழுதுபார்க்க அப்போதுதான் குடியிருப்பவருக்கு மனம் வரும்.

படைவீட்டில் தங்கிப் பார்க்க முடியுமா?

முடியும், பணம் இருந்தால். செந்தோசாவில் 1904ஆம் ஆண்டுப் பீரங்கிப் படைவீடு ஒன்று 2019 முதல் பாரக்ஸ் ஹோட்டல் என்ற பெயரிலேயே நடக்கிறது. 2018 ஜூன் 12 அன்று டிரம்பும் கிம் ஜோங் உன்னும் சந்தித்த கப்பெல்லா விடுதியும் பழைய ராணுவக் கட்டடங்களை உள்ளடக்கியதே. பீச் ரோடு முகாமில் நான்கு பழைய கட்டடங்களைக் காத்து, அவற்றின் பின்னால் கோபுரங்களை எழுப்பியிருக்கிறார்கள். 1967இல் தேசிய சேவையின் தொடக்க நாள்களோடு தொடர்புடைய முகாம் அது.

ஒரே நாளில் பார்க்க வேண்டுமானால் எந்த வரிசையில் போகலாம்?

காலையில் ஃபோர்ட் கேனிங் வாயிலில் தொடங்குங்கள். வெயில் ஏறுமுன் பேட்டில் பாக்ஸையும் முடித்துவிடலாம். மதியம் டெம்ப்சி, சாப்பாட்டுக்குப் பின் தேவாலயம். மாலையில் கில்மன், வெயில் சாய்ந்தபின் தாழ்வாரங்களின் நிழல் நீளும்போதுதான் அந்தக் கட்டடங்களின் கணக்கு கண்ணுக்குப் புலப்படும்.

திரும்பும் வழியில் ஊட்ரம் பார்க் நிலையத்தில் இறங்கி மருத்துவமனைப் பக்கம் ஒரு நடை நடந்துவிட்டு வாருங்கள். சிப்பாய்களின் குடிசைகள் அங்கே இல்லை. ஆனால் ஹொக்கியன் பேசும் முதிய டாக்சி ஓட்டுநரிடம் 'சீ பாய் போ' என்று சொன்னால் பொது மருத்துவமனைக்குக் கொண்டுவந்து விடுவார். 'போ' என்பது திடல். 'சீ பாய்' என்பது சிப்பாய்.